குடியாத்தம் சிரசுத் திருவிழாவும் பிரிட்டன் குடியுரிமைத் தேர்வும்

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறுவதற்கும், அதன் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கும், ‘லைஃப் இன் தி யூகே’ என்னும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்திலிருந்து செவிலியராக அங்கே போன நாங்கள் சிலர் ஒன்றுகூடினால் இந்தத் தேர்வைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. அந்தப் பேச்சு பெரும்பாலும் மன்னர்களின் வரிசையையும் போர்கள் நடந்த ஆண்டுகளையும் சுற்றியே இருக்கும். பழக்கவழக்கங்களையும் மரபுகளையும் சொல்லும் பகுதியை, “திருவிழாக்கள்தானே, ஒருமுறை புரட்டினால் போதும்” என்று ஒதுக்கிவிடுவார்கள். நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி அதுதான் என்பது என் கருத்து. வரலாறு நமக்கு முழுவதும் புதிது என்பதால் அதற்கு நேரம் ஒதுக்குகிறோம். பழக்கவழக்கங்களோ பாதி தெரிந்தவை போலத் தோன்றும். மதிப்பெண் குறைவது அந்தப் பாதியில்தான்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் 24 வினாக்கள் வரும். 45 நிமிட நேரம் உண்டு. 75 விழுக்காடு, அதாவது 18 வினாக்களுக்குச் சரியான விடை, தேர்ச்சிக்குத் தேவை. கட்டணம் 50 பவுண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயது நிறைந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. 2005இல் குடியுரிமைக்கும் 2007இல் நிரந்தரத் தங்குரிமைக்கும் இத்தேர்வு கட்டாயமாயிற்று. வினாக்கள் எல்லாம் அரசு வெளியிட்டுள்ள ஒரே கையேட்டிலிருந்துதான் எடுக்கப்படும். அதன் மூன்றாம் பதிப்பு 2013இல் வந்தது. ஐந்து அத்தியாயங்களில் நான்காவது அத்தியாயத்தில்தான் சமயம், திருநாள்கள், உணவு, விளையாட்டு, கலைகள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. தேர்வு மையங்கள் பிரிட்டனுக்குள் மட்டுமே இருப்பதால், சென்னையிலோ வேலூரிலோ எழுத வழியில்லை. ஆனால் படிப்பதற்கு வேலூர் மாவட்டத்தைப் போல எனக்கு உதவிய இடம் வேறில்லை.

விடுமுறையில் குடியாத்தத்துக்கு வந்தபோது கையேட்டையும் எடுத்து வந்திருந்தேன். கத்திரி வெயில் காலம்; பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. என் தந்தை அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்தால், அது யாருடையது என்று கேட்காமல் முதலில் படித்து முடிப்பவர் அவராகவே இருப்பார். இந்தக் கையேட்டையும் அப்படியே படித்துவிட்டு, மரபுகள் பகுதியில் நான் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்த பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, “எல்லா வரியிலும் கோடு போட்டிருக்கிறாயே அம்மா, எதை நினைவில் வைப்பாய்?” என்று கேட்டார். பிறகு அவர் கொடுத்த வேலை விசித்திரமாக இருந்தது. நடக்கவிருந்த கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பற்றி, நம் ஊரையே பார்த்திராத ஒருவர் தேர்வுக்குப் படிப்பதற்கு ஏற்ற மாதிரி, ஒரு சிறு பத்தி எழுதித் தரச் சொன்னார்.

வைகாசி முதல் நாளில் நடக்கும் திருவிழா அது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு, கோபாலபுரத்தில் உள்ள கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து, அங்கே உடலோடு பொருத்தப்படும். பரசுராமர் தந்தையின் ஆணைப்படி தாய் ரேணுகையின் தலையை வெட்டிய கதையும், மீண்டும் உயிர்ப்பிக்கும்போது வேறொரு பெண்ணின் உடலில் அந்தத் தலை சேர்ந்துவிட்ட கதையும் இதன் பின்னணியில் உண்டு. பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த எனக்கு இதை எழுதுவது எளிதாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் எதை விடுவது என்பதே பெரும்பாடாகிவிட்டது. தெருவெங்கும் உடையும் தேங்காய்கள், வெளியூரிலிருந்து வந்து சேரும் உறவினர்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைக்கும் நீர்மோர்ப் பானை, இரவு வாணவேடிக்கை என்று எதையும் விட மனம் வரவில்லை. ஆனால் தேர்வுக்கான பத்தியில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை. கடைசியில் அந்தத் தாளில் மிஞ்சியவை ஐந்து செய்திகள்: எந்த நாள், யார் கொண்டாடுகிறார்கள், என்ன காரணம், அன்று என்ன செய்கிறார்கள், விடுமுறை உண்டா இல்லையா.

கையேட்டை மறுபடி திறந்தபோது அதன் எழுத்துமுறை எனக்குப் பிடிபட்டது. அதை எழுதியவர்களும் இதே ஐந்து செய்திகளைத்தான் ஒவ்வொரு திருநாளுக்கும் சொல்லிச் செல்கிறார்கள். வினாக்களும் அவற்றிலிருந்தே எழுகின்றன. ஆகவே கோடிடுவதை நிறுத்திவிட்டு, பள்ளி நோட்டு ஒன்றில் ஐந்து கட்டங்கள் போட்டு ஒவ்வொரு திருநாளையும் அவற்றுக்குள் எழுதினேன். நிரப்ப முடியாத கட்டம் எதுவோ, அது மறுபடி படிக்க வேண்டிய இடம். வாசித்ததை ஒப்பிப்பதைவிட இது பலமடங்கு பயன் தந்தது.

இந்தக் கட்டங்களில் எளிதாகத் தோன்றி ஏமாற்றுவது ஐந்தாவது கட்டமாகிய விடுமுறை. பிரிட்டனின் நான்கு நாடுகளுக்கும் தனித்தனியே காவல் புனிதர் உண்டு. வேல்ஸின் புனித டேவிட் நாள் மார்ச் 1; வட அயர்லாந்தின் புனித பேட்ரிக் நாள் மார்ச் 17; இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் நாள் ஏப்ரல் 23; ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூ நாள் நவம்பர் 30. மக்கள்தொகையில் பெரியது இங்கிலாந்து. ஆகவே அதன் புனிதர் நாளுக்குக் கட்டாயம் விடுமுறை இருக்கும் என்று நாம் ஊகிப்போம். உண்மையில் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மட்டுமே தத்தம் புனிதர் நாள் அதிகாரபூர்வ விடுமுறை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இல்லை. என் தந்தை இதற்குச் சிரசுத் திருவிழாவையே காட்டினார். இந்தப் பக்கத்தில் அதற்கு உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. அன்றைக்குச் சென்னையில் அலுவலகங்கள் வழக்கம்போல இயங்கும். தலைநகரம் கொண்டாடுவதுதான் பெரிய விழா என்று எந்த நாட்டிலும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அதேபோல ஸ்காட்லாந்தில் டிசம்பர் 31ஆம் நாள் ஹாக்மனே என்ற பெயரில் கொண்டாடப்படுகிறது. அங்கே சிலருக்கு அது கிறிஸ்துமஸைவிடப் பெரிய விழா. ஜனவரி 2ஆம் நாளும் அங்கே பொது விடுமுறை. இங்கிலாந்து மருத்துவமனையில் பல ஆண்டு பணியாற்றியவருக்கும் இந்த ஜனவரி 2 தெரிந்திருக்காது, ஏனெனில் அவருடைய பணிப்பட்டியலில் அது வேலை நாள்.

அடுத்து, நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கையேட்டில் தீபாவளியும் ஒரு பகுதியாக வருகிறது. இந்துக்களும் சீக்கியர்களும் கொண்டாடும் ஒளித் திருநாள் என்றும், அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் என்றும், ஐந்து நாள் நீடிக்கும் என்றும், லெஸ்டர் நகரத்துக் கொண்டாட்டம் புகழ்பெற்றது என்றும் அதில் உள்ளது. இதை நான் படித்துக் காட்டியபோது என் தாயார் அடுப்படியிலிருந்தே மறுப்புச் சொன்னார். எங்கள் வீட்டில் விடியலில் எண்ணெய்க் குளியல், புத்தாடை, பிறகு அமாவாசையில் கேதார கௌரி நோன்பு. நோன்புக்கு அதிரசம் சுடுவதிலும், கலசத்துக்கு முன் வெற்றிலை பாக்கும் நோன்புக் கயிறும் வைத்துப் படைப்பதிலும் அவர் காட்டும் கண்டிப்பு தெருவுக்கே தெரியும். அவர் கணக்கில் தீபாவளி ஐந்து நாள் என்பது இல்லாத ஒன்று. அவர் சொல்வது எங்கள் ஊருக்கு முற்றிலும் சரி. ஆனால் தேர்வுக் கணினியில் ‘ஐந்து நாள்’ என்பதைத்தான் அழுத்த வேண்டும். கையேடு சொல்வது பிரிட்டனில் வாழும் இந்துக்களிடையே பரவலாக உள்ள வழக்கத்தை. அவர்களில் வட இந்தியப் பின்னணி கொண்டவர்கள் மிகுதி. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி வினா வரும்போதுதான் அதிக எச்சரிக்கை தேவை என்று நான் சொல்வது இதனால்தான். நம் வீட்டு வழக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு, அச்சிட்டிருப்பதை விடையாகத் தர வேண்டும். இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. நம்பிக்கையை யாரும் கேட்பதில்லை, வாசித்தோமா என்பதை மட்டும் கேட்கிறார்கள்.

மற்றச் சமயங்களின் திருநாள்கள் எனக்கு அவ்வளவு தொல்லை தரவில்லை. பேரணாம்பட்டும் ஆம்பூரும் பக்கத்தில் இருக்க, ரமலான் நோன்பு முடிவில் வரும் ஈகைத் திருநாளையும், இப்ராஹிம் நபி மகனைப் பலியிட முன்வந்ததை நினைவுகூரும் பக்ரீத்தையும் பிரித்தறியாமல் இங்கே யாரும் வளர்வதில்லை. ஏப்ரல் 14இல் வரும் வைசாக்கி, சீக்கியர்கள் கால்சா சமூகத்தின் தோற்றத்தைக் கொண்டாடும் நாள். நமக்குச் சித்திரை முதல் நாள் என்பதால் தேதி தானாக மனத்தில் நின்றுவிட்டது. யூதர்களின் ஹனுக்கா எட்டு நாள் நீடிக்கும். நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவார்கள். இது ஒன்றைத்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கிறிஸ்தவத் திருநாள்களைப் பொறுத்தவரை, வேலூரில் செவிலியம் படித்தவர்களுக்குப் புனித வெள்ளியும் ஈஸ்டரும் புதியவை அல்ல. சிக்கல், தேதி மாறும் நாள்களில் வருகிறது. நம்மிடம் பொங்கல் ஏறத்தாழ ஒரே தேதியில் வருவதும், தீபாவளி அமாவாசையைப் பார்த்து நகர்வதும் போலவே, அங்கும் திருநாள்கள் இரு வகைப்படும். டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், 26 பாக்சிங் டே, பிப்ரவரி 14 காதலர் நாள், ஏப்ரல் 1 நண்பகல் வரை ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடும் நாள், அக்டோபர் 31 ஹாலோவீன் ஆகியவை நிலையானவை. ஈஸ்டரோ மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். அது நகர்ந்தால் ஒரு கூட்டமே அதனோடு நகரும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். அது தொடங்கும் நாள் சாம்பல் புதன். அதற்கு முந்தைய நாள், நோன்புக்கு முன் முட்டை, கொழுப்பு, பால் போன்றவற்றைத் தீர்ப்பதற்காகப் பான்கேக் சுட்டுத் தின்னும் செவ்வாய். அன்னையர் ஞாயிறு ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு வரும். இந்தியாவில் மே மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அன்னையர் நாள் வாழ்த்து அனுப்பிப் பழகிய நாம் இதில் தடுமாற வாய்ப்பு அதிகம். தந்தையர் நாள் ஜூன் மூன்றாம் ஞாயிறு. அதில் வேறுபாடு இல்லை. இவற்றைத் தனித்தனித் தேதிகளாக மனனம் செய்வதைவிட, ஈஸ்டரை நடுவில் எழுதி, முன்னோக்கியும் பின்னோக்கியும் எண்ணிப் பார்ப்பது நல்லது. பள்ளியில் படிக்கும் எங்கள் மகளுக்குப் பான்கேக் செவ்வாய் எங்களைவிட முன்பே தெரிந்திருந்தது. பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போகும் வீடுகளில் அவர்களிடமே பாடம் கேட்கலாம். இறுதிச் சொல் மட்டும் கையேட்டினுடையதாக இருக்கட்டும்.

நவம்பர் மாதத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். 5ஆம் நாள் இரவு வாணவேடிக்கையும் சொக்கப்பனை போன்ற பெருந்தீயும் நடக்கும். 1605இல் நாடாளுமன்றக் கட்டடத்தில் வெடிமருந்து வைத்துப் புராட்டஸ்டன்ட் மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர் சிலர் செய்த சதி முறியடிக்கப்பட்டதன் நினைவு அது. சதியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் கை ஃபாக்ஸ். தீபாவளியை ஒட்டியே வருவதால், முதல் ஆண்டில் நாங்கள் நமக்காகத்தான் வெடிக்கிறார்களோ என்று சிரித்துக்கொண்டோம். 11ஆம் நாள் முற்றிலும் வேறு. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு முடிந்தது. போரில் இறந்தவர்களை நினைத்து அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். சிவப்புப் பாப்பி மலரை உடையில் குத்திக்கொள்வார்கள். லண்டன் வைட்ஹாலில் உள்ள செனோடாஃப் நினைவுத்தூணில் மலர்வளையம் வைப்பார்கள். எங்கள் வார்டில் அந்த இரண்டு நிமிடம் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது எனக்குப் பிறர் வீட்டுத் துக்கமாகவே இருந்தது.

அதை மாற்றியது வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டு. துணி எடுக்கப் போன ஒரு மாலையில் என் தந்தை அங்கே நிறுத்தி, கல்வெட்டைப் படிக்கச் சொன்னார். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும் அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அதில் பொறித்திருக்கிறது. மாணவியாக இருந்த காலத்தில் நெரிசலில் இடிபட்டுக்கொண்டு எத்தனையோ முறை அதைக் கடந்திருப்பேன். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்லும் வழக்கமும் இந்தப் பக்கத்தில் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். நவம்பர் 11 எதற்கு என்று இனி யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு மரபுக்கு நம் ஊரில் ஒரு முனை எங்காவது தொட்டிருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். பெரிய ஆய்வு தேவையில்லை, ஊரில் உள்ள கல்வெட்டுகளையும் வீட்டுப் பெரியவர்களையும் விசாரித்தாலே போதும்.

உணவும் மலர்களும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இங்கிலாந்துக்கு ரோஜா, ஸ்காட்லாந்துக்கு முட்செடியான திஸில், வேல்ஸுக்கு டாஃபடில், வட அயர்லாந்துக்கு மூவிலைச் செடியான ஷாம்ராக். உணவில், இங்கிலாந்துக்கு உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் சேர்ந்த ரோஸ்ட் மாட்டிறைச்சி; வேல்ஸுக்கு மாவும் உலர்பழமும் மணப்பொருள்களும் சேர்த்த வெல்ஷ் கேக்; வட அயர்லாந்துக்கு முட்டை, பன்றியிறைச்சி, ரொட்டி வகைகள் எல்லாம் வறுத்துத் தரும் அல்ஸ்டர் ஃப்ரை. ஸ்காட்லாந்தின் ஹாகிஸ் ஆட்டின் இரைப்பைக்குள் அதன் உள்ளுறுப்புகளையும் வெங்காயத்தையும் ஓட்ஸையும் அடைத்து வேகவைப்பது. உடன் படித்த தோழியர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டிக் கறி வாங்கக் கடையில் முந்தி நிற்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது தூரத்து உறவினர் போலத்தான் தெரிந்தது, மறக்கவில்லை.

பிறருடைய பழக்கவழக்கத்தைத் தேர்வு எழுதிக் கற்பது எங்கள் தந்தைக்கு ஒரு வகையில் வேடிக்கையாகவும் இருந்தது. வேலூர்க் கோட்டைக்குப் போனபோது அதைச் சொன்னார். 1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிராடக், சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடக் கூடாது, பணி நேரத்தில் காதில் கடுக்கன் அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றெல்லாம் ஆணை பிறப்பித்தார். புதிய தலைப்பாகை ஒன்றையும் திணித்தார். அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் அதை ஏற்கவில்லை. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அதை அடக்கினார். கோட்டையில் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. பிறகு அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். “இந்த ஊருக்கு வந்தவர்களுக்கு இப்படி 24 கேள்வி வைத்திருந்தால் பாதி ரத்தம் மிஞ்சியிருக்கும்” என்றார் அவர். கோட்டைச் சுவர்மீது நடந்துகொண்டே சொன்னதால் அதில் சிரிப்பு எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. வேலூரைப் பற்றி அந்தக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. ஆனால் வங்காளப் படையில் பணியாற்றிப் பிரிட்டனுக்குப் போய், 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ‘ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்ற பெயரில் அந்நாட்டின் முதல் இந்திய உணவகத்தைத் திறந்த ஷேக் தீன் முகம்மது அதில் இருக்கிறார். நம்மவர் என்பதால் நம்மில் பலர் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டுகிறார்கள். 1810 என்ற ஆண்டு வினாவாக வரக்கூடியது.

படிக்கும் முறையில் இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் விடை சொல்லிப் பழக வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும்; வேல்ஸ் மொழியிலும் ஸ்காட்லாந்துக் கேலிக் மொழியிலும் எழுத அந்தந்தப் பகுதிகளில் ஏற்பாடு உண்டு; தமிழில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் தந்தை தமிழில் கேட்பார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், சரியா என்று மறுபடி தமிழில் விளக்கம் கேட்பார். காரணத்தைத் தமிழில் சொல்ல முடியாதபோது, விடை தற்செயலாகச் சரியாக வந்தது என்று தெரிந்துவிடும். பிரிட்டன் திரும்பிய பின்பும் வாட்ஸ்அப்பில் இது தொடர்ந்தது. இரண்டாவது, வினாக்களின் வடிவம். நான்கில் ஒன்றைத் தெரிவு செய்வது, நான்கில் இரண்டைத் தெரிவு செய்வது, சரியா தவறா என்று சொல்வது, இரு கூற்றுகளில் எது சரி என்று சொல்வது என நான்கு வகை உண்டு. இரண்டைக் கேட்கும் வினாவில் ஒன்று சரியாகி மற்றொன்று தவறானால் பயனில்லை. விடுமுறை பற்றிய கட்டத்தை நான் அவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்; ‘புனிதர் நாள் விடுமுறையாக உள்ள இரண்டு நாடுகள் எவை’ என்பது இந்த வடிவத்துக்கே செய்தது போன்ற வினா. இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தேர்வுகள் பயன்படும். அவற்றில் சில பழைய பதிப்பை வைத்து எழுதியவை என்பதால், ஐயம் வரும்போது கையேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பதிவு குறைந்தது மூன்று நாள் முன்னதாகச் செய்ய வேண்டும். பதிவில் தரும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டவர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரும், வேறோர் ஆவணத்தில் கணவர் பெயரும் இருப்பது நம்மிடம் சாதாரணம். கையில் எடுத்துச் செல்லப்போகும் ஆவணம் எதுவோ அதைப் பார்த்தே பதிவுப் படிவத்தை நிரப்புங்கள். அதே ஆவணத்தைத்தான் தேர்வு நாளில் கொண்டுபோக வேண்டும். மாறினால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. தேர்வு அறைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. தேறாதவர்கள் ஏழு நாள் கழித்து மறுபடி பணம் கட்டி எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தேறியவர்களுக்குத் தனி எண் ஒன்று தரப்படும். அதற்குக் காலாவதி இல்லை. நிரந்தரத் தங்குரிமைக்குக் காட்டிய அதே எண்ணைக் குடியுரிமைக்கும் காட்டலாம். எனவே அதைப் பத்திரமாக எழுதி, ஊரில் உள்ள வீட்டாரிடமும் ஒரு படி கொடுத்து வைப்பது நல்லது.

கடைசிப் படி குடியுரிமை ஏற்பு விழா. அதில் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகக் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். எது வேண்டும் என்பது நம் விருப்பம். இந்தப் படியில் ஏறும் முன் ஊரில் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி வேறு இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசமைப்பின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கின்றன. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்ற பிறகே, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்துபோகலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்கவும் முடியாது. வழிவழியாக வரும் நிலத்தைப் பெறுவதற்குத் தடையில்லை. எங்கள் குடும்பத்துக்கு உள்ள நிலம் சிறிதுதான். என்றாலும் என் தந்தை அன்று இரவே பட்டாவையும் பத்திரங்களையும் எடுத்து வைத்து, என் தம்பியையும் அழைத்து உட்கார வைத்து, யாருக்கு எது என்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.